மழைக்கு மூடிய மடை

பாண்டியராஜுக்கு மழை பிடிக்காது. பிடிக்காது என்று சொன்னால் போதாது, மழை என்ற பேச்சே ஆகாது. மீசை முளைக்கும் முன்னே உப்பளத்துக்கு வேலைக்குப் போனவர் அவர். வானத்தில் நாலு மேகம் கறுத்துக் கூடினால் தூத்துக்குடியில் மற்றவர்கள் மாடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். உப்பளக்காரன் மடையை மூட ஓடுவான். மழைத்தண்ணீர் பாத்திக்குள் இறங்கிவிட்டால் திரண்டு வரும் உப்பெல்லாம் கரைந்துவிடும், வெயிலில் வெந்த பாடு அத்தனையும் வீண். மடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். திரும்ப வெயில் அடித்துக் காய்கிற வரைக்கும் வேலை கிடையாது. அவரும் மனைவி வடிவம்மாளும் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஐப்பசி கார்த்திகையை இப்படித்தான் ஓட்டினார்கள், வானத்தை வைதுகொண்டு.

அப்பேர்ப்பட்ட ஆள் இந்த வருடம் மழை எப்போது வரும், எப்போது வரும் என்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் வேடிக்கை.

காரணம் இருந்தது. சிப்பிக்கூடத் தெரு ஊரிலேயே பள்ளமான தெரு. பெருமழை பெய்தால் சுற்று வட்டாரத் தண்ணீர் அத்தனையும் விருந்துக்கு வந்ததுபோல் அங்கேதான் வந்து சேரும். தெருவின் வடிகால் போய் ஓடையில் விழும், ஓடை கடலில் விழும். ஆனால் கடல் பொங்கி ஏத்தத்தில் இருக்கும் நேரம் ஓடை ஒரு சொட்டு வாங்காது. போன தண்ணீர் போன வழியே திரும்பி வந்து வீட்டுக்குள் ஏறும். அப்புறம் மோட்டார் வைத்து இறைத்து, வடியும் முன்னே கறுத்து, நாறி, கொசு பிடித்து... அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள்.

தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய உப்பளம் கைவிடப்பட்டுக் கிடந்தது. மாநகராட்சிக்கு உதவிப் பொறியாளராக வந்த பானுப்ரியா அதைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். உடன்குடிக்காரி. பெய்த மழை பெய்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடுகிற செம்மண் தேரியில் வளர்ந்தவளுக்கு, தெருவில் தண்ணீர் நிற்பதே ஒரு அநியாயமாகப் பட்டது. உப்பளத்தில் பாத்திகள் ஏற்கெனவே வரிசையாக இருக்கின்றன, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் போக வழியும் இருக்கிறது. அவள் அதை அப்படியே திருப்பிப் போட்டாள். கடல்நீர் உள்ளே வந்த காலம் போய், தெருப்பக்கத்து மடை வழியாகத் தெருநீர் உள்ளே வந்து கடலுக்குப் போகும். முதல் பாத்தியில் சேறும் குப்பையும் தங்கும். இரண்டாவதில் ஜல்லியும் மணலும் கோரையும் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவதில் தெளிந்த நீர் காத்திருக்கும்; கடல் உள்வாங்கி வத்தத்துக்குப் போனதும் கடல்பக்கத்து ஷட்டரைத் தூக்கினால் தானாக ஓடிவிடும். மோட்டாரும் வேண்டாம், டீசலும் வேண்டாம். தெருக்காரர்கள் அதைக் குளம் என்றார்கள்.

பாத்தியின் போக்கு தெரிந்த ஆள் என்று பாண்டியராஜைக் காவலுக்கு வைத்தார்கள். மழைக்காலத்தில் சம்பளம் தருகிற வேலை! வடிவம்மாள் முதலில் நம்பவே இல்லை. கரையோரம் நடந்து, கோரையைத் தடவி, ஷட்டருக்குக் கிரீஸ் போட்டு, அவர் அந்தக் குளத்தைப் பெண்ணுக்குச் செய்வதுபோல் செய்து வைத்திருந்தார்.

இவ்வளவும் ஒரு ஆளுக்குப் பிடிக்கவில்லை. தெருமுனையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் தாணுலிங்கம் அண்ணாச்சி. அவருக்கு அந்த இடம் லாரி நிறுத்தத்துக்கு வேண்டும். கெட்டவர் இல்லை, லாரி தெருவுக்குள் திரும்ப முடியாமல் அவர் படும் பாடும் பாடுதான். வார்டு கூட்டத்தில் எழுந்து, தொண்டையைக் கனைத்து, ஒரே போடாகப் போட்டார்.

“முதப் பெருமழ பெய்யட்டும். தெருவுல தண்ணி நின்னா குளத்த மூடிருவோம், மண்ணடிச்சு லாரி விட்டுருவோம். நிக்கலன்னா நான் வாய மூடிக்கிடுதேன். என்ன சொல்லுதிய?”

அப்போதுதான் ஷெர்லி எழுந்தாள். தெருவின் தாழ்ந்த கோடியில் மக்ரூன் போட்டு விற்கிறவள். கிறிஸ்துமஸ் ஆர்டர் குவியும் நேரம் பார்த்து வருடா வருடம் அவள் குசினிக்குள்தான் தண்ணீர் முதலில் நுழையும்.

“சரி அண்ணாச்சி, அப்படியே வச்சிக்கிடுவோம். பாண்டியண்ணன் மடையப் பாத்துக்கிடுவாரு. அவருக்கு நான் பொறுப்பு” என்றாள்.

ஆக, ஒரே ஒரு மழையில் குளமும் பாண்டியராஜின் வேலையும் தொங்கின. தெரு முழுக்க இதே பேச்சு. டீக்கடையில் குளம் கட்சி, லாரி கட்சி என்று இரண்டு கட்சியே உண்டாகிவிட்டது. வானிலைச் செய்தியைக் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். இரண்டு முறை தூறல் போட்டு ஏமாற்றியது. மூன்றாவதாக, கார்த்திகை பிறந்ததும் ஒரு பிற்பகலில், கிழக்கே கடல் மேல் வானம் அப்படியே இறங்கி வந்தது.

பாண்டியராஜ் மடைப்பக்கம் சருகு வாரிக்கொண்டிருந்தார். குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் அடித்தது. முதல் துளி கையில் விழுந்தது, நல்ல கனமான துளி. அடுத்து ஒரு கூடைத் துளி.

அவர் பாய்ந்தார். என்ன பாய்ச்சல்! அந்த வயதில் அந்த உடம்பு அப்படிப் பாயும் என்று வடிவம்மாள்கூட நம்பமாட்டாள். செய்ய வேண்டியதைச் செய்து, ஓரங்களைச் சரிபார்த்து, ஒரு சொட்டு பிசகாது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, கரைமேல் ஓட்டமும் நடையுமாகக் கடல்பக்கத்து ஷட்டருக்குப் போய்ச் சேர்ந்தார். கடல் ஏத்தத்தில் இருந்தது. ஷட்டர் இறங்கித்தான் இருந்தது. பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஒதுங்கி நின்றார். மழை வெள்ளைத் திரையாக இறங்கியதில் எதிரே கோரையே தெரியவில்லை. “வா, வா. இன்னைக்குப் பாத்துருவோம்” என்று சத்தமாகவே சொன்னார்.

போன் அடித்தது. பானுப்ரியா.

“அண்ணே, மடை சரியா இருக்கா?”

“என்னம்மா இப்படிக் கேட்டுட்டிய? முதத் துளி விழுந்ததும் நானே கையால பாத்துட்டுல்லா வந்தேன்!”

“சூப்பர்ணே! நான் தெருவுக்குத்தான் வந்துட்டு இருக்கேன். எனக்கு ஒரே பரபரப்பா இருக்கு!”

“எனக்குந்தான்” என்று சிரித்தார்.

மழை விடுகிற மாதிரி இல்லை. கொட்டகைத் தகரம் பிய்ந்துவிடும்போல் அடித்தது. எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று தெரியாது, மறுபடி போன். இந்த முறை ஷெர்லி, குரலே சரியில்லை.

“பாண்டியண்ணே, என் வாசப்படியில தண்ணி ஏறிட்டு. தெருவுல முட்டளவு நிக்கி. உங்க குளம் வாங்கலியா?”

பாண்டியராஜ் கொட்டகையை விட்டு வெளியே வந்து மூன்றாவது பாத்தியைப் பார்த்தார். கணுக்கால் நனையக் கொஞ்சம் தண்ணீர், அதுவும் வானத்திலிருந்து நேராக விழுந்தது. கரைமேல் ஏறி இரண்டாவதைப் பார்த்தார். ஜல்லி பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. இத்தனை மழைக்குக் குளம் காய்ந்து கிடக்கிறது, தெரு முங்கிக்கொண்டிருக்கிறது!

அடுத்த கணமே அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தார். இது தானாக நடந்த காரியம் இல்லை. எவனோ மடையை அடைத்திருக்கிறான். எவனோ என்ன எவனோ, குளத்தை மூடினால் யாருக்கு லாபமோ அவர்தான்!

ஓடினார். கரை வழுக்கியது, ஒரு தரம் கால் இடறி விழுந்து எழுந்தார். மடைப்பக்கம் தெருவே திரண்டு நின்றது. முழங்கால் தண்ணீரில் ஷெர்லி, சேலையைத் தூக்கிச் செருகியபடி. மழைக்கோட்டுக்குள் நனைந்து நின்ற பானுப்ரியா. குடை பிடித்தும் தொப்பலாக நனைந்த தாணுலிங்கம் அண்ணாச்சி.

“அண்ணாச்சி!” பாண்டியராஜ் தூரத்திலிருந்தே கத்தினார். “நெஞ்சத் தொட்டுச் சொல்லும்! மடைய யாரு மூடுனது?”

அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. “ஏலே, யாரப் பாத்து என்ன கேக்க? நான் எதுக்குவே உம்ம மடையத் தொடுதேன்?”

“தொடாமத்தான் பலக தானா எறங்கிச்சா? ஆள் விட்டுச் செஞ்சிருக்கீரு! ஒரு லாரி நிக்கதுக்கு ஒரு தெருவையே முக்குவீரா?”

“பாண்டியண்ணே, கொஞ்சம் பொறுங்க” என்றாள் பானுப்ரியா.

“நான் எதுக்கும்மா பொறுக்கணும்? இந்தப் பலகைய எறக்குன கை...”

அவர் மடையைக் காட்டக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

பலகை இறங்கியிருந்தது. ஒழுங்காக, நேராக, அடிவரைக்கும் இறங்கியிருந்தது. பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சொட்டுக் கசியாமல் துணி திணித்திருந்தது, அதன்மேல் களிமண் அப்பிக் கட்டைவிரலால் வழித்துவிட்டிருந்தது. உப்பளத்தில் கைதேர்ந்தவன் அடைக்கிற அடைப்பு. துணி சிவப்புக் கட்டம் போட்ட துண்டு.

பாண்டியராஜ் மெதுவாகக் கையைத் தோளுக்குக் கொண்டுபோனார். தோளில் துண்டு இல்லை.

மழை விழுந்தது, மடையை மூடினார். அவ்வளவுதான் நடந்தது. இத்தனை வருடம் செய்ததை அந்தக் கை அவரைக் கேட்காமலே செய்துவிட்டது. மழைக்காலம் முழுக்கப் பலகை தூக்கியே இருக்க வேண்டும் என்று பானுப்ரியா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்திருந்தாலே போதும். இல்லாத உப்பைக் காப்பாற்றப் போய் இருக்கிற தெருவை முக்கிவிட்டார்.

துண்டு யாருடையது என்று தெருவுக்கே தெரியும்.

“நான்தான்” என்றார். குரல் எழும்பவில்லை, மறுபடி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். “நான்தான் மூடுனேன். மழயக் கண்டதும் கை பழைய ஞாபகத்துல மூடிட்டு. அண்ணாச்சி, உம்மச் சொன்னது தப்பு. செருப்பால அடியும், வாங்கிக்கிடுதேன்.”

அண்ணாச்சி வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பாரோ, ஷெர்லி அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“அடிக்கதெல்லாம் பொறவு அடிச்சிக்கிடலாம். இப்பப் பலகையத் தூக்குங்க! என் ஓவனுக்கு நாலு விரக்கடைதான் பாக்கி!”

பாண்டியராஜ் தண்ணீரில் குதித்துப் பலகையைப் பிடித்தார். அசையவில்லை. தெருத்தண்ணீர் அத்தனையும் ஒரு பக்கமாக அதன்மேல் சாய்ந்து நின்றது. பானுப்ரியா குதித்தாள். ஷெர்லி ஒரு முனையைப் பிடித்தாள். மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் பலகை முனகியதே தவிர எழும்பவில்லை.

“துண்ட முதல்ல உருவும்வே! அடைச்சவனுக்கு எடுக்கத் தெரியாண்டாமா?” என்று ஒரு குரல். குடையை வீசிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. “தள்ளும்மா. நான் ‘ஏய்’னதும் எல்லாரும் ஒண்ணா இழுங்க. ஏ...ய்!”

துண்டு பிய்ந்துகொண்டு வந்தது. பலகை ஒரு விரற்கடை எழும்பியது. கீழே ‘புஸ்’ என்று ஒரு சத்தம்.

“விட்டுறாதிய! ஏ...ய்!”

பலகை பிடுங்கிக்கொண்டு மேலே வந்தது. நாலு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். தெருத்தண்ணீர் பெருங்கூச்சலோடு மடைக்குள் பாய்ந்தது. செருப்பு, இளநீர்க் கோம்பை, பிளாஸ்டிக் குடம், யாருடையதோ ஒரு நாற்காலி, எல்லாம் சுழன்று வந்து கம்பி வலையில் மோதி நின்றன. கறுப்புத் தண்ணீர் மட்டும் முதல் பாத்திக்குள் விழுந்து, பரந்து, நிறைந்து, இரண்டாவதுக்குத் தாவியது. கோரை தலையை ஆட்டிக்கொண்டு அதை வாங்கியது. கரையில் நின்ற கூட்டம் போட்ட கூச்சல் இருக்கிறதே, தேர் நிலையைவிட்டு நகரும்போதுகூட அப்படிக் கேட்டதில்லை.

“எறங்குது! தெருவுல எறங்குது!” என்று ஷெர்லி வீட்டுப் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்.

முட்டளவு கெண்டைக்காலுக்கு வந்தது, கெண்டைக்கால் கணுக்காலுக்கு வந்தது. மழை இன்னும் பெய்துகொண்டுதான் இருந்தது, தெரு வடிந்துகொண்டே போனது. பொழுது சாயும் முன்னே ஷெர்லி வீட்டு வாசலில் தார் ரோடு தெரிந்தது. போன வருடம் அதே தண்ணீர் வடிய அரை மாதம் ஆயிற்று. பானுப்ரியா அந்த ஈரத் தார்மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்று, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

பாண்டியராஜ் தலை நிமிரவில்லை. கடல் வத்தத்துக்குப் போயிருந்தது. போய் ஷட்டரைச் சுழற்றித் தூக்கினார். மூன்றாவது பாத்தித் தண்ணீர் வெளியே ஓடியது. கண்ணாடிபோல் இருந்தது என்று சொன்னால் பொய். லேசான தேயிலை நிறம். ஆனால் குப்பை இல்லை, நாற்றம் இல்லை, உள்ளே கையை விட்டால் விரல் தெரிந்தது. தெருவில் அதே தண்ணீரில் கால்கூடத் தெரியவில்லை. வேறு நாளாக இருந்தால் கூத்தாடியிருப்பார். இன்று அதைப் பார்க்கப் பார்க்கத் துக்கம்தான் வந்தது. குளம் ஜெயித்துவிட்டது, காவல்காரன் தோற்கடித்துவிட்டான். தெருவில் தண்ணீர் நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். பேச்சு பேச்சுதான்.

கூட்டம் கரைவழியாக வந்தது, அண்ணாச்சி முன்னால். வேட்டியெல்லாம் சேறு.

“தெருவுல தண்ணி நின்னுச்சு” என்றார் அண்ணாச்சி.

“நின்னுச்சு அண்ணாச்சி” என்றார் பாண்டியராஜ்.

“நின்னா குளத்த மூடணும்னு பேச்சு.”

ஷெர்லி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணாச்சி கையமர்த்தினார்.

“இரி ஏளா, நான் பேசிக்கிடுதேன். இன்னைக்கு இந்தாளு மடைய மூடுனாரு. மூடுனதும் என் குடோன் வாசல்ல தண்ணி ஏறிட்டு, சீனி மூட்ட ரெண்டு நனஞ்சிட்டு. தொறந்தோம். தொறந்த பெறவு என் கண்ணு முன்னால தெருவு காஞ்சிட்டு. குளத்த மூடுனா என்ன ஆகும்னு இத்தன பேருக்கு ஒரே மத்தியானத்துல காட்டிட்டான்லா இந்தப் பய! இனி எவனாவது மூடுன்னு சொல்லுவானா? சொன்னா முதல்ல நானே அவன அடிப்பேன்.” மூச்சு வாங்கிக்கொண்டு, “லாரிக்கு வேற எடம் பாக்கணும்” என்று முனகினார்.

பானுப்ரியா கைதட்டியேவிட்டாள். “நான் எத்தன கூட்டத்துல படம் போட்டு விளக்குனேன் அண்ணாச்சி! ஒருத்தருக்கும் ஏறலியே!”

“படத்துல தண்ணி நனைக்காதுல்லா தாயி” என்றார் அண்ணாச்சி. பாண்டியராஜ் பக்கம் திரும்பி, அதுவரை பிடித்து வைத்திருந்த கோபத்தை ஒரு வார்த்தையில் விட்டார். “ஆனா நீரு என்னையச் சொன்னீரு பாத்தீரா. அத நான் மறக்கமாட்டேன்.”

“மறக்காதேயும் அண்ணாச்சி. நானும் மறக்கமாட்டேன்” என்றார் பாண்டியராஜ். கைகூப்பினார். அண்ணாச்சி “போவும்வே” என்று அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

ஷெர்லி பாண்டியராஜை முறைத்தாள். “உங்களுக்குப் போயிப் பொறுப்பேத்தேன் பாருங்க” என்றாள். அப்புறம் தாங்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். கூட்டமும் சிரித்தது.

கிழக்கே மறுபடி வானம் கறுத்தது, முதலில் வந்ததைவிடக் கனமாக. துளி விழத் தொடங்கியதும் கூட்டம் தெருவை நோக்கி ஓடியது. பாண்டியராஜின் கை ஒருமுறை துள்ளியது. அதை மற்றொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மடைப்பக்கம் போய்த் தூக்கின பலகைக்கு முன்னால் நின்றுகொண்டார். தண்ணீர் அவர் காலைத் தாண்டி உள்ளே ஓடியது.

போன் அடித்தது. வடிவம்மாள்.

“ஏங்க, மழ ஊத்துதே! இன்னுமா வீட்டுக்கு வரல?”

அவள் எப்போதும் கேட்கிற கேள்விதான். உப்பளத்தில் இருந்த காலத்தில் இந்நேரம் மடையை மூடிவிட்டு அவர் பாதி வழி வந்திருப்பார்.

“எப்படிளா வர முடியும்?” என்றார் பாண்டியராஜ். மழைச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது, நன்றாகவே கத்தினார். “மழ பெய்யுதுல்லா! எனக்கு வேல இருக்கு!”